ஹெட்போன் முதலாளியின் வலது காது

தான் விற்கிற சரக்கைத் தானே கேவலமாக நினைத்த வியாபாரி ஊவா மாகாணத்திலேயே ஒரே ஒருவர்தான் இருந்தார். என் கெட்ட காலம், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிப் பதுளைக்கு வந்த நான் நேராக அவரிடமே போய்ச் சேர்ந்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் கோபமாகத்தான் வருகிறது. கோபத்தோடுதான் எழுதப் போகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைவீதியில் அவருக்குச் சொந்தமாக ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே இரும்புக்கடை. ஆணி, தகரம், மண்வெட்டி, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, தண்ணீர்க் குழாய் என்று தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு வேண்டிய சகலமும் கிடைக்கும். கரன்ட் வயர் சுருள் சுருளாகத் தொங்கும். அவருடைய அப்பா தூத்துக்குடியில் கப்பலேறி வந்து போட்ட கடை. பெயர்ப்பலகையில் அவருக்கு நல்லதொரு முருகன் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. ‘ஹெட்போன் முதலாளி’ என்று கேட்டால் ரயிலைவிட்டு இறங்கி வருகிறவனும் வழி காட்டுவான்.

தோட்டத்தை விட்டு மொனராகலைப் பக்கம் போய் மிளகாய் போட்டிருந்த ஒரு பெரியவர், ஒருமுறை முதல் பஸ்ஸைப் பிடித்து வயர் வாங்க வந்தார். கிணற்று மோட்டாருக்காம். நான் சுருளை இறக்கி, அளந்து, வெட்டப் போகிற நேரம் பார்த்து முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்குகிறது. எதற்கு வயர் என்று விசாரித்தார். என் கையிலிருந்ததை வாங்கி, நுனியைப் பிரித்து, செத்த எலியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

“இதுல மோட்டார் ஓடும்ங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா சந்தோஷமா ஓடாது.”

பெரியவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் அதே வயரை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது. மோட்டாருக்கு என்னய்யா சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது? மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ந்தால் போதாதா? கடைக்கு வருகிறவனைத் துரத்துவதற்கு ஒரு முதலாளி, அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்கு ஒரு நான்.

இந்தப் பைத்தியம் அவருக்குச் சிங்கப்பூரில் இருக்கிற தம்பி மூலம் வந்தது. அந்த மனிதர் ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சும்மா வராமல், தலைக்கு மாட்டுகிற பெரிய ஹெட்போனும், அதற்கென்றே தனியாக ஒரு அம்ப்ளிஃபயரும், சீடி ஓடுகிற ஒரு பெட்டியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெட்டியிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகிற கேபிள் சாதாரணக் கேபிள் இல்லை. அதற்குப் பேலன்ஸ் கேபிள் என்று பெயர். நம் வீட்டு ரேடியோவுக்கு இரண்டு கம்பி போதும், இதற்குள் மூன்று கம்பி ஓடும். முனையில் மூன்று ஊசி, அது போய் உட்கார அம்ப்ளிஃபயரில் மூன்று ஓட்டை. வலது காதுக்கு ஒரு கேபிள், இடது காதுக்கு ஒரு கேபிள். வழியில் எந்த இரைச்சலும் உள்ளே நுழையாமல் இருக்கத்தான் அந்த மூன்றாவது கம்பி என்பார் முதலாளி. அன்றிலிருந்து அவருக்கு வேறு உலகம் இல்லை.

முதலில் எல்லாம் வீட்டில்தான் இருந்தது. ஒன்று அது இந்த வீட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்கவேண்டும் என்று அவருடைய மனைவி ஒருநாள் சொல்லிவிட்டார். முதலாளி உடனே பதில் சொல்லவில்லை, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம். அந்த அம்மா அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அதன் பிறகுதான் சாமான்கள் கடை மாடியின் முன்னறைக்கு வந்தன.

கேபிள் தேர்ந்தெடுக்கிற கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல. தம்பி அனுப்பிய முதல் கேபிள் செம்பு. கட்டைவிரல் தடிப்பில் இருந்தது. அதில் பாட்டு ‘கனமாக’ வருகிறதாம். அடுத்தது வெள்ளி. சுத்த வெள்ளி என்று பெட்டியில் போட்டிருந்தது. வெளிநாட்டுக்காரன் ஏதோ போட்டிருப்பான், அதை நம்பி ஒருவன் காதில் வைக்கலாமா? அவர் வியாபாரிக் குடும்பத்துப் பிள்ளை. கேபிளைத் தூக்கிக்கொண்டு நகைக்கடைப் பத்தரிடம் போனார். தோலைச் சீவி, கம்பியை வெளியே எடுத்து, உரைகல்லில் உரைத்துப் பார்க்கச் சொன்னார். பத்தர் அறுபது வயது மனிதர், தங்கமும் வெள்ளியும் தவிர வேறொன்றும் அறியாதவர். பக்தியாக உரைத்துப் பார்த்தார்.

“நல்ல வெள்ளிதான் முதலாளி. உருக்கினா புள்ளைக்கு ரெண்டு ஜோடி கொலுசு செய்யலாம்.”

அந்த ஒரு சொல்லில் முதலாளிக்குத் திருப்தி. பாட்டு எப்படி இருக்கிறது என்று அவர் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பத்தரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

புதுக் கேபிளை வந்தவுடன் கேட்கவும் கூடாதாம். புது மாட்டை வண்டியில் பழக்குகிற மாதிரி பழக்கவேண்டுமாம். அதனால் சீடியைப் போட்டு, ஹெட்போனை மேசையில் கிடத்தி, ஒருவரும் கேட்காமல் நாள் கணக்கில் பாட விடுவார். அதற்குக் காவல் யார்? நான்தான். கீழே தகரம் கட்ட ஆளில்லாமல் சனம் கத்துகிறது. மேலே நான் மேசையில் கிடந்து முணுமுணுக்கிற ஹெட்போனுக்குத் துணை இருக்கிறேன். அதைப் போட்டுக் கேட்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். பழகாத கேபிளில் கேட்டால் காது கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்.

சரி, பழகிய பிறகாவது மனிதர் பாட்டுக் கேட்டாரா? அதுவும் இல்லை. பல்லவி வந்ததும் நிறுத்துவார். கேபிளை மாற்றுவார். மறுபடி பல்லவி. கண்ணை மூடிக்கொண்டு, தலையை வலது பக்கம் சாய்த்து, மறுபடி நிறுத்துவார். பாட்டுக்குச் சரணம் என்று ஒன்று இருக்கிற விஷயமே அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். என் சொந்த ஊர் பூனாகலை. எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு, முதலாளி ஆயிற்றே என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டேன். வந்தார். சாமி கும்பிட்டார். அப்புறம் கூம்பு ஸ்பீக்கரில் ‘ங்ங்ங்’ என்று ஒரு இரைச்சல் இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே? அது திருவிழா. மைக்செட்காரனின் வயரைப் பிடித்துக்கொண்டே போய், அது ஜெனரேட்டர் வயரோடு சேர்ந்து ஓடுவதைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி வேறு பக்கமாக இழுக்க வைத்தார். தேர் வடத்தைப் பிடித்த சனம் பிடித்தபடி நிற்கிறது. அம்மன் தேரில் காத்திருக்கிறாள். தோட்டத்துத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, அடுத்த வருசம் நீ மட்டும் வா” என்றார். என் மண்ணில் என் மானம் அப்படிப் போயிற்று.

ஆனால் இதெல்லாம் சில்லறை. என் கோபத்துக்குக் காரணம் வேறு.

மாடியின் பின்னறையை முதலாளி செல்வமணி அக்காவுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா மரம் விழுந்து இடுப்பொடிந்து லயத்து வரிசைவீட்டில் படுத்த படுக்கை. தோட்டத்தில் நடந்த தையல் வகுப்பில் படித்து, மோட்டார் வைத்த ஒரு மெஷினை எப்படியோ வாங்கி, பதுளைக்கு வந்து கடை போட்டவர். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை, எதுவானாலும் அக்காவிடம் கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்கும். அந்த மெஷின் ஓடினால்தான் ஹல்துமுல்லையில் அடுப்பு எரியும். முதலாளியின் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இரண்டு வருஷம் ஒரு தகராறும் இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு முதலாளிக்கு வலது காதில் ‘ங்ங்ங்’ கேட்கத் தொடங்கியது. இடது காதில் இல்லை. வலது காதில் மட்டும், ஹெட்போன் போட்டால் மட்டும்.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டார். வெள்ளியைக் கழற்றிச் செம்பைப் போட்டார். ‘ங்ங்ங்’. செம்பைக் கழற்றி, வெள்ளிப்பூச்சுப் போட்ட செம்பை வரவழைத்தார். ‘ங்ங்ங்’. அது பழகவில்லை என்று பழக்கினார். பழகிய பின்பும் ‘ங்ங்ங்’. அடுத்துத் தன் காதையே சந்தேகப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் நெடுங்காலம் இருந்த ஒரு காது டாக்டரிடம் போனார். நானும் துணைக்குப் போனேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், கழுவினார், திரும்பவும் பார்த்தார். ஹெட்போன், மூன்று கம்பி, வெள்ளி, செம்பு எல்லாக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கட காதில ஒண்டுமில்லை. அதுக்குக் கொஞ்சம் உள்ளுக்குத்தான் ஏதோ பிழை. அது என்ர துறை இல்லை.”

அதையும் முதலாளி பாராட்டாக எடுத்துக்கொண்டார். காது நல்ல காது, கேபிள் நல்ல கேபிள், அப்படியானால் குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று முடிவு கட்டினார். பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் செல்வமணி அக்காவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு தொலைந்தது. மார்கழி மாசம். பள்ளிக்கூடம் திறக்க முன் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைக்கிற காலம். அக்காவுக்கு வருஷச் சோறு அந்த ஒரு மாசத்தில்தான். அந்த மாசம் பார்த்து இவர் பகலில் மெஷின் ஓட்டக்கூடாது என்றார். அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் சட்டைகளை யார் தைப்பது? முதலாளி கீழே கடைக்கு வருகிற சனத்திடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மேலே இருக்கிற மெஷின் கெட்டது, கரன்டைக் கெடுக்கிறது, அதில் தைத்தால் தையலும் நிற்காது. தையலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசியைத் தேடாமல் குண்டூசி குத்திக்கொள்கிற மனிதர். ஆனால் முதலாளி சொன்னால் சனம் நம்புமே. துணி கொடுத்த சிலர் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ஒருநாள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னறை வாசலில் போய் நின்றார். நான் மாடிப்படியில் இருந்தேன்.

“புள்ள, இந்த வாரத்தோட நீ வேற எடம் பாத்துக்க.”

அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எந்தத் தப்புக்கு முதலாளி?”

“தப்பு ஒன்னுமில்ல. எனக்கு வலது காதுல எரையுது.”

இந்தப் பதிலை நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? ஒரு மனிதனின் வலது காதில் இரைகிறது என்பதற்காக ஒரு குடும்பம் அடுப்பை அணைக்க வேண்டுமாம். நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். விட்டால் பூனாகலைக்குத்தான் போகவேண்டும், போனால் தலைவர் முகத்தில் விழிக்கவேண்டும். வாயை மாத்திரம் மூடவில்லை. செய்தது அநியாயம், சாமி பொறுக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சாமிக்கு இரைச்சல் பிடிக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

பதுளையில் அக்காவுக்கு வேறு அறை அகப்படவில்லை. மெஷினைக் கட்டி ஒரு மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு ஹல்துமுல்லைக்கே போய்விட்டார். வெட்டி வைத்த துணிகள் ஒரு சாக்கில் கூடப் போயின.

அன்றைக்கு முதலாளி குளித்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து ஹெட்போனை மாட்டினார். நான் எதிரே நின்று முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடினார். தலை மெல்ல வலது பக்கம் சாய்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் ஹல்துமுல்லைக்குப் போய்விட்டது, ‘ங்ங்ங்’ மட்டும் போகவில்லை.

“செவத்துல இன்னும் அந்தச் சத்தம் ஊறிக் கெடக்கு. ரெண்டு நாள் போனா ஆறிரும்” என்றார்.

ஆறவில்லை. அது மின்வெட்டுக் காலம். தினம் பல மணி நேரம் ஊருக்கே கரன்ட் இருக்காது. முதலாளி விடுவாரா? ஒரு லொறி பேட்டரியும், அதைக் கரன்டாக மாற்றுகிற ஒரு பெட்டியும் மாடியில் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் கரன்ட் போனது. கடைவீதியில் ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு குளிர்ப்பெட்டி முனகவில்லை, எதிர்க்கடை ரேடியோகூட ஊமை. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுதான் சுத்தமான நேரம் என்று பேட்டரியில் கொடுத்து ஹெட்போனை மாட்டினார்.

தலை வலது பக்கம் சாய்ந்தது.

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. “முதலாளி, பதுளை முழுக்கக் கரன்ட் இல்ல. இப்ப யாரக் காலி பண்ணச் சொல்லப் போறீங்க?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லி, எத்தனையோ கேபிள் மாற்றிய அந்த மனிதர், கேபிள் போய் உட்காருகிற ஓட்டையை வாழ்நாளில் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். வலது பக்கத்து மூன்று ஓட்டைகளில் ஒன்றின் வாயில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. என் சட்டையிலிருந்த ஊக்கை வாங்கி நோண்டினார். பொடியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து முகர்ந்தார்.

சந்தனம்.

ஆயுத பூஜைக்குக் கடையில் தராசுக்குப் பொட்டு, கத்திக்குப் பொட்டு, என் கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு வைப்போம். மேலே இருக்கிற தன் செல்வங்களுக்கு வேறு யாரையும் தொட விடாமல் அவரேதான் வைத்தார். எல்லாரும் பெட்டியின் நெற்றியில் வைப்பார்கள். இவர் அம்ப்ளிஃபயரின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அல்லவா? ஓட்டைக்கு ஒரு பொட்டாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். இடது பக்கம் வரும்போது கிண்ணத்தில் சந்தனம் வற்றிவிட்டதால் அந்தக் காது தப்பித்தது. வலது பக்கம் பக்தி கொஞ்சம் கூடி உள்ளே இறங்கி, காய்ந்து, ஒரு கம்பியை ஊமையாக்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரல்நுனிச் சந்தனத்துக்காக ஒரு பெண்ணின் பிழைப்பு போயிருக்கிறது. சிரிக்கிறதா?

முதலாளி ஓட்டையைத் துடைத்தார். கேபிளைச் செருகினார். ஆனால் போட்டுக் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சின்ன லொறியின் சாவியை எடுத்தார். “ஏறு” என்றார்.

பண்டாரவளை தாண்டி அப்புத்தளையை நெருங்கினோம். பனி இறங்கிய வளைவு ஒன்றில் மெதுவாகக் கேட்டார். “போய் என்னன்னு சொல்றது?”

“தப்புன்னு சொல்லுங்க.”

“அத எப்படிச் சொல்லுவாங்க?” என்றார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

லயத்தில் செல்வமணி அக்கா முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். லயத்துக் கரன்டில் மோட்டார் இழுக்கவில்லையாம், கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதித்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து அவருடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். கடைவீதி முதலாளிமார் லயத்துக்கு வந்தால் நின்றபடி பேசிவிட்டுப் போவார்கள். தேத்தண்ணி நீட்டினால் வயிறு சரியில்லை என்பார்கள். லயத்தில் பிறந்த எங்களுக்கு அந்த வயிற்றுவலியைப் பற்றி நன்றாகத் தெரியும். இவரும் சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவர் இஸ்தோப்புத் திண்டில் உட்கார்ந்தார், தேத்தண்ணியை வாங்கினார், குடித்தார், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

மன்னிப்புக் கேட்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மனிதர் பேலன்ஸ் கேபிளை விளக்கினார். அக்கம்பக்கத்துக் காம்பராச் சனமெல்லாம் கூடிவிட்டது. கேபிளுக்குள் இரண்டு ஆட்கள் ஓடுகிறார்கள் என்றார். ஒருவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான், மற்றவன் அதையே தலைகீழாகச் சொல்கிறான். மூன்றாமவன் தரையில் கால் ஊன்றி நிற்கிறவன். வழியில் குப்பை விழுந்தால் ஓடுகிற இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி விழும். போய்ச் சேர்ந்த இடத்தில் தலைகீழாகச் சொன்னவனைத் திருப்பி நிறுத்தினால், பேச்சோடு பேச்சு கூடும், குப்பையோடு குப்பை கழிந்து போகும். தான் வைத்த சந்தனம் ஒருவன் வாயை அடைத்துவிட்டது. அதனால் ஊர்க் கரன்டில் ஓடினாலும் தன் பேட்டரிப் பெட்டியில் ஓடினாலும் குப்பை கழியவில்லை. அதுதான் நடந்தது என்று முடித்தார்.

அக்கா மிதிப்பதை நிறுத்தினார்.

“குப்ப முழுக்க என் மேலதானே முதலாளி விழுந்துச்சு.”

முதலாளி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆமா” என்றார். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, “எம்மேல விழ வேண்டியது. அந்த ரூமு ஒனக்குத்தான். இனி எழும்புன்னு சொல்லமாட்டேன். கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்” என்றார்.

“கோயில்ல வேணாங்க. கடையில சொல்லுங்க. நீங்க கடையில சொன்னதக் கேட்டுத்தான் சனம் துணியத் திருப்பி வாங்கிட்டுப் போச்சு.”

அன்றைக்கு மாலையே மெஷினும் மோட்டாரும் துணிச் சாக்கும் லொறியில் ஏறின. பதுளையில் மெஷினின் ஒரு பக்கத்தை முதலாளியும் மறுபக்கத்தை நானுமாக மாடிக்குத் தூக்கினோம்.

மறுநாள் கடை திறந்தது. முதல் ஆள் ஆணி வாங்க வந்தவர். ஆணி என்று வாயைத் திறப்பதற்குள் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். “மேல இருக்கிற செல்வமணியோட மெஷின்ல ஒரு கொறையும் இல்லங்க. கொற எங்கிட்ட. நான் சொன்னது பொய்யிங்க” என்றார். வந்தவர் மிரண்டுபோய் ஆணியை வாங்காமலே போனார். அடுத்து வந்தவருக்கும் எழுந்து நின்றார், அடுத்தவருக்கும். தகரம் வாங்க வந்தவர், தபால்காரர், வழி கேட்க நுழைந்தவர், ஒருவரையும் விடவில்லை. கேபிள் பைத்தியம் பிடித்தால் எப்படியோ, மன்னிப்புப் பைத்தியம் பிடித்தாலும் அப்படித்தானே. அக்காவிடம் துணி வரத் தொடங்கியது, பள்ளிக்கூடம் திறக்க முன் தைத்து முடிக்க இன்னொரு பெண்ணைக் கூட வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் இவர் நிறுத்தவில்லை. பொங்கல் முடிந்து அக்காவே கீழே இறங்கி வந்து, போதும் முதலாளி, எனக்கே வெக்கமா இருக்கு என்று கும்பிட்டார். இன்னும் எல்லாரும் வந்து முடியவில்லையே என்றார் முதலாளி.

எதிர்க்கடைக்காரருக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், லயத்துக்குப் போய் ஒரு தையல்காரி வீட்டுத் திண்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக் கெஞ்சிவிட்டு வந்த பைத்தியக்காரனிடமா நீ இன்னும் வேலை செய்கிறாய் என்று. பைத்தியக்காரன் என்ற சொல்லை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நானே அதை மனதுக்குள் தினம் பல தடவை சொன்னவன்தான். ஆனாலும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். “எங்க முதலாளியப் பத்தி இன்னொரு வார்த்த பேசாதீங்க” என்றேன்.

இன்றைக்கும் அப்படித்தான். மேலே இவ்வளவு திட்டி எழுதியிருக்கிறேனே, அது அவரோடு காலம் தள்ளிய எனக்குள்ள பாத்தியதை. இதைப் படித்துவிட்டு வாசகர்களில் யாராவது அவரைப் பைத்தியம் என்று சொன்னால், எனக்குப் பொல்லாத கோபம் வரும்.